இரண்டாம் எதிரி

பாலமுருகனுக்குக் கேமராவுக்குப் பின்னால் நிற்பதுதான் வசதி. முன்னால் நிற்பவள் அவன் மனைவி லாவண்யா.

ஆரணியில் அவர்களுடையது வீட்டு முன்கட்டிலேயே நடக்கும் சின்னப் பட்டுப்புடவைக் கடை. தறிக்காரர்களிடம் எடுத்து வெளியூர்களுக்கு அனுப்பும் வியாபாரம். கடைக்கு நடந்து வருகிறவர்கள் குறைந்து, செல்போனில் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகியபோது பேஸ்புக்கில் லைவ் போடலாம் என்று சொன்னது லாவண்யாதான். முதல் நாள் கணவனைத்தான் பேசவிட்டாள். அவன் மயில் கழுத்து நிறப் புடவை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது வந்து... புடவைங்க" என்றான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒன்றிரண்டு சொந்தக்காரர்களும் மரியாதையாக நழுவிவிட்டார்கள். மறுநாளே இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள்.

லாவண்யா பேச ஆரம்பித்தால் கதையே வேறு. "அக்கா, இந்த முந்தானைய கொஞ்சம் பாருங்க. கல்யாணத்துக்குப் போனீங்கன்னா பொண்ணை விட்டுட்டு உங்களைப் பாப்பாங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. பிடிச்சிருந்தா ஜல்தியா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது!" கோயம்புத்தூரிலும் துபாயிலும் இருப்பவர்கள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். பாலமுருகன் விளக்கைச் சரிசெய்வான், மடிப்பு கலையாமல் அடுத்த புடவையை நீட்டுவான், திரையில் ஓடும் கருத்துகளைப் படித்து விலை கேட்டவர்களுக்குப் பதில் தட்டுவான். அந்தக் கருத்துகளைப் படிக்கும் வேலைதான் அவனை வம்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

வைகாசி முகூர்த்தங்களுக்கு வியாபாரம் சூடு பிடித்த நேரம். 'பட்டு ரசிகன்' என்ற பெயரில் ஒருவன் வந்தான். முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம். முதலில் "சூப்பர்" என்றான். பிறகு, புடவையைவிடக் கட்டியிருப்பவர் சூப்பர் என்றான். அதற்குப் பிறகு அவன் எழுதியதெல்லாம் ஒரு பெண்ணிடம் யாரும் நேரில் நின்று சொல்லத் துணியாதவை. லாவண்யா புடவையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், படித்தது பாலமுருகன். காது மடல் சூடேற, அவற்றை ஒவ்வொன்றாக அழித்தான். ஆளை ப்ளாக் செய்தான். அடுத்த லைவில் 'பட்டு ரசிகன் 2' வந்தான்.

மனைவியிடம் அவன் சொல்லவில்லை. அவள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டான். உண்மையில், அந்த வார்த்தைகளை எந்த வாயால் அவளிடம் எடுத்துச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நேரில் பாலமுருகன் யாரிடமும் குரல் உயர்த்தியவன் இல்லை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே "சாரிங்க" என்று சொல்கிற ஆள். அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம், கடைக்குள் யாரும் இல்லாதபோது, பிடரி சிலிர்த்த ஒரு சிங்கத்தின் படத்தைத் தேடி எடுத்துப் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கினான். பெயர், 'ஆரணி சிங்கம்'.

"டேய் ரசிகா! எங்க லாவண்யாவைப் பத்தி இன்னொரு வார்த்தை எழுதினே, விரலை ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்!"

இதை எழுதி அனுப்பியதும் அவனுக்கு நெஞ்சு ஓர் அங்குலம் அகலமானது போலிருந்தது. அன்று மாலை டீ குடிக்கப் போகும்போது நடையே மாறியிருந்தது.

சிங்கம் தினமும் காவலுக்கு வந்தது. "எங்க லாவண்யா இன்னிக்கு தலைவலியோட லைவ் வந்துகினு இருக்காங்க. எவனாவது வாலாட்டினா அவ்ளோதான்" என்று ஒரு நாள். "காலைல கட்டியிருந்த பச்சைப் புடவையை மாத்திட்டு எங்களுக்காக மெரூன் கட்டியிருக்காங்க, மரியாதையா பாருங்க" என்று இன்னொரு நாள். ரசிகன் சும்மா இருக்கவில்லை. சிங்கத்தின் இன்பாக்ஸுக்கே வந்து சண்டை போட்டான். சிங்கமும் விடவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் வெட்டினார்கள், புதைத்தார்கள், மறுநாள் வந்து மறுபடியும் வெட்டினார்கள்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிங்கம் துப்புத் துலக்கவும் இறங்கியது. எதிர்வரிசைக் கடைக்காரர் திருமலையும் அதே நேரத்தில் லைவ் போடுகிறவர்; அவருக்குக் கூட்டம் சேருவதில்லை. ரசிகன் எழுதும்போது வரிக்கு வரி மூன்று புள்ளி வைப்பான். திருமலையும் வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளி வைப்பார். பாலமுருகனுக்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை. திருமலையின் படத்தை எடுத்துப் போட்டு, "இவன்தான் அந்த ரசிகன், நல்லா பாத்துக்கோங்க" என்று சிங்கம் அறிவித்தது. கொஞ்ச நேரத்தில் பயந்துபோய் அதை எடுத்துவிட்டான். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே லாவண்யாவின் பெயரில், அவள் படத்தோடு, போலிப் பக்கம் ஒன்று வந்தது. கடையின் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு, 'பேச விரும்புவோர் அழைக்கவும்' என்று ஆரம்பித்து அசிங்கமாக நாலு வரி எழுதியிருந்தது. அழைப்புகள் வரத் தொடங்கின. புடவை கேட்கிற குரல் என்று எடுத்தால் வேறு என்னென்னவோ கேட்டார்கள். லாவண்யா முதல் நாள் திட்டினாள். இரண்டாம் நாள் எடுக்காமல் விட்டாள். பிறகு லைவையே நிறுத்திவிட்டாள். முகூர்த்த சீசனில் பட்டுக்கடை வாய் மூடிக் கிடந்தது.

அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேஸ்புக்குக்குப் புகார் அனுப்பியதும் அது எடுக்கப்பட்டது. ஆனால் எண் பரவியது பரவியதுதான். பழைய லைவ்களைப் புரட்டியபோது, சிங்கம் எழுதியதிலிருந்துதான் ரசிகன் என்று ஒருவன் இருப்பதே லாவண்யாவுக்குத் தெரிந்தது.

"நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்" என்றாள் லாவண்யா.

"போலீஸ் கீலீஸுன்னு எதுக்கு பேஜாரு? நாலு நாள்ல தானா அடங்கிடும்" என்றான் பாலமுருகன்.

"தானா அடங்கறதுக்கு அவன் இன்னா மழையா? கெளம்புங்க."

சைபர் கிரைம் போலீஸ் நிலையம் மாவட்டத் தலைநகரில் இருந்தது. போளூர் வழி பஸ்ஸில் போகும்போது, மனு எழுதிய தாளை லாவண்யா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பாலமுருகன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் அகல்யாவுக்கு முப்பது வயது இருக்கலாம். சொந்த ஊர் தேவிகாபுரம். "உக்காருங்க மேடம். உங்க லைவை எங்கம்மா விடாம பாப்பாங்க. இன்னாடா நிறுத்திட்டாங்களேன்னு கேட்டுகினே இருந்தாங்க" என்றார். லாவண்யாவுக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கியது. மனுவை நீட்டினாள்.

அகல்யா படித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தார். "ரெண்டு கணக்கு எழுதியிருக்கீங்க. ஒண்ணு பட்டு ரசிகன். ரெண்டாவது எதிரி... ஆரணி சிங்கமா?"

பாலமுருகன் அப்போதுதான் மின்விசிறி ஓடுகிறதா என்று மேலே பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஆமா மேடம்" என்றாள் லாவண்யா. "நிஜத்தை சொல்லணும்னா எனக்கு இவன்கிட்டதான் பயம் ஜாஸ்தி. மத்தவன் எங்கியோ உக்காந்துகினு கண்டதை எழுதறான். இவன் என்னை என்னமோ வாங்கிப் போட்ட மாதிரி 'எங்க லாவண்யா, எங்க லாவண்யா'ன்றான். எனக்கு தலைவலின்னா அவனுக்குத் தெரியுது. காலைல இன்னா புடவை கட்டினேன், லைவுக்கு இன்னா மாத்தினேன், எல்லாம் தெரியுது. வீட்டைச் சுத்திகினே இருக்கிறான் மேடம். ஒரு வாரமா புழுக்கத்துலயும் ஜன்னலை சாத்திகினுதான் படுக்கிறேன்."

அகல்யாவின் முகம் இறுகியது. "இது பின்தொடர்ந்து தொல்லை குடுக்கிறது. பெண்ணை இப்படி கண்காணிச்சுகினே இருந்தா தனிக் குற்றம். விரலை ஒடிப்பேன்னு வேற எழுதியிருக்கான், அது மிரட்டல். முதல்ல இவனைத்தான் பாக்கணும்." பாலமுருகனிடம் திரும்பினார். "சார், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எனக்கா? இல்லைங்க மேடம். சிங்கம்... பாவம், நல்ல எண்ணத்துல கூட எழுதியிருக்கலாம்."

"நல்லாச் சொன்னீங்க போங்க!" என்றாள் லாவண்யா. "அவனுக்குப் போயி வக்காலத்து வாங்கறீங்களே."

அகல்யா அடுத்ததற்குப் போனார். ரசிகன் எழுதியதெல்லாம் எங்கே? தேதியோடு, அந்தக் கணக்கின் முகவரி தெரிகிற மாதிரி படம் பிடித்து வைத்திருக்கிறார்களா?

"அதெல்லாம் நான் அழிச்சிட்டேங்க" என்றான் பாலமுருகன், மெல்லிய குரலில்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

அகல்யா பேனாவை மேஜைமேல் வைத்தார். "சார், உங்க வீட்டம்மா லைவுக்கு லைவு ஊருக்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்கன்னு தொண்டை வத்த சொல்றாங்க. பின்னாடியே நின்னுகினு இருந்த உங்களுக்கு மட்டும் கேக்கலையா?"

பக்கத்து மேஜைக்காரர் இருமுவது போலச் சிரித்தார்.

பேஸ்புக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் சில விவரம் வரும், அழித்தது எல்லாம் வரும் என்று சொல்ல முடியாது என்றார் அகல்யா. ரசிகன்தான் போலிப் பக்கத்தை ஆரம்பித்தான் என்று காட்ட ஏதாவது வேண்டும். இனிமேல் எதையும் அழிக்கக் கூடாது. தெரிந்தே சாட்சியத்தை அழித்தால் அழித்தவரே குற்றவாளி ஆகிவிடுவார். மனுவுக்கு ரசீது கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் பாலமுருகன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தான். அதில் இருந்த போனுக்குள், சிங்கத்தின் இன்பாக்ஸில், ரசிகன் சண்டை மும்முரத்தில் எழுதிய ஒரு வரி இருந்தது: "உன் லாவண்யா நம்பரை பேஜ் போட்டு ஊருக்கே குடுத்தது நான்தான்... இன்னா பண்ணுவ..."

சிங்கத்தை அழித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று, அழிக்கும் பொத்தான்வரை அவன் கட்டைவிரல் போனது. 'அழித்தவரே குற்றவாளி' என்பது நினைவுக்கு வந்து, போனை அணைத்துத் துவைக்கிற கல்மேல் வைத்தான். வைத்துவிட்டு, அது ஏதோ தானாகப் பேசிவிடும் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை எதிர்வரிசைத் திருமலை கடைக்குள் வந்தார்.

"பாலு, வக்கீலைப் பாத்துட்டு வரேன். எவனோ ஆரணி சிங்கமாம், என் போட்டோவைப் போட்டு பொம்பளைங்களை கிண்டல் பண்றவன்னு எழுதியிருக்கான். எம்பொண்ணு மாமியார் வீட்லருந்து போன் பண்ணி அழுவுறா. அவதூறு கேஸு போடப் போறேன். உன் வீட்டம்மா லைவுலதான் அவன் சுத்திகினு இருந்தான். உனக்குத் தெரியுமா அவன் யாருன்னு?"

பாலமுருகன் வாயைத் திறப்பதற்குள் கடைப் போன் அடித்தது. லாவண்யா எடுத்தாள். "சொல்லுங்க, ஆரணி பட்டு" என்றவள் அடுத்த நொடி முகம் வெளிறிப் போனை மேஜைமேல் கவிழ்த்தாள். ஏற்கெனவே மடித்த புடவையைப் பிரித்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

பாலமுருகன் அதைப் பார்த்தான். பேசுவதற்கு லாவண்யா பயந்து அவன் பார்த்ததே இல்லை.

"திருமலைண்ணே" என்றான். "லாவண்யா. ரெண்டு பேரும் கேளுங்க. அந்த சிங்கம் நான்தான்."

திருமலை அவனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். "நீயா? நீயா சிங்கம்?" கோபத்தைவிட அந்த நம்பமுடியாமைதான் பாலமுருகனை அதிகம் சுட்டது.

"தப்பு பண்ணிட்டேண்ணே. மூணு புள்ளிய வெச்சி உங்களை நெனச்சிட்டேன்."

"எந்த மூணு புள்ளி?"

அதை விளக்கியபோது அவனுக்கே வெட்கமாக இருந்தது. திருமலை தலையில் அடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கப் போட்ட பழியை, நாலு பேர் பார்க்கவே பொய் என்று அவன் சொல்ல வேண்டும், அதுவரை வக்கீல் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாவண்யா அன்று மத்தியானம்வரை புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாடு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்போதுதான் கேட்டாள்.

"'எங்க லாவண்யா'ன்னு எழுதினது நீங்களா?"

"ம்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை நேர்ல அப்படிக் கூப்ட்டிருப்பீங்களா? அதுக்கு சிங்கம் வேஷம் கட்டணுமா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"கேளுங்க. அவன் எழுதினதைப் படிச்சிருந்தா எனக்கு அசிங்கமா இருந்திருக்கும், அழுதிருப்பேன், அப்புறம் எழுந்து போயி கேஸு குடுத்திருப்பேன். என் கிட்ட மறைச்சீங்க. அதுவும் போவட்டும். நான் ஜன்னலை சாத்தினப்போ பக்கத்துலதானே படுத்துகினு இருந்தீங்க? யாருக்குப் பயந்து சாத்தறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"புழுக்கமா இருக்குதேன்னுதான் நெனச்சேன். நீ ஏன் சாத்தறேன்னு கேக்க..." தட்டிலேயே கை காய்ந்துபோனது. கடைசியில், "சிங்கத்தோட இன்பாக்ஸ்ல ரசிகன் பேசினதெல்லாம் அப்படியே இருக்குது. நம்பரைக் குடுத்தது நான்தான்னு அவனே எழுதியிருக்கான்" என்றான்.

லாவண்யா எழுந்துவிட்டாள். "இதை முதல்ல சொல்றதுக்கின்னா? கையைக் கழுவுங்க. கெளம்புங்க."

அகல்யா இரண்டாம் எதிரியை எதிரில் உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்க ஒரு தடவை தண்ணீர் குடித்தார், ஒரு தடவை ஏதோ ஃபைலைத் தேடுவதுபோல் குனிந்தார். பிறகு நேராகிவிட்டார். யாரோ தப்பு செய்தார்கள் என்பதற்காக நாமும் வெட்டுவேன் குத்துவேன் என்று எழுதினால், அவன் ஒரு கேஸில் உள்ளே போகும்போது நாம் இன்னொரு கேஸில் கூடவே போவோம் என்றார். "அவன் மட்டும் இதைப் படம் பிடிச்சு உங்க மேல மனு குடுத்திருந்தா, இப்போ நான் உங்களைத் தேடிகினு ஆரணிக்கு வந்திருப்பேன் சார்."

போனை முறைப்படி வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து எடுத்த பிரதிகள் நிஜம்தான் என்று கணக்குக்குச் சொந்தக்காரர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றத்தில் நிற்காது. பாலமுருகன் தன் பெயரையும், 'ஆரணி சிங்கம்' கணக்கு தன்னுடையதே என்பதையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"ரெண்டாவது எதிரியை என்ன பண்றது மேடம்?" என்று லாவண்யாவிடம் கேட்டார் அகல்யா. "மனுதாரர் நீங்கதான்."

லாவண்யா அவசரப்படவில்லை. கணவனைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், மறுபடியும் கணவனைப் பார்த்தாள். பாலமுருகனுக்கு நெற்றியில் வியர்வை அரும்பியது.

"எச்சரிச்சு அனுப்பிடுங்க மேடம்" என்றாள் கடைசியாக. "மீதியை வீட்ல நான் விசாரிச்சிக்கிறேன்."

திருமலைக்குச் செய்ய வேண்டியதை இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். லைவ் மறுபடி தொடங்கிய நாளில் முதலில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது பாலமுருகன். லாவண்யா பின்னால் நின்று போனைப் பிடித்தாள். "நான் தப்பா ஒருத்தர் பேரைக் கெடுத்துட்டேன். திருமலைண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்று, ஒரே மூச்சில், தடுமாறாமல் சொன்னான். எதிர்க்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த திருமலை வக்கீலுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று லைவில் இருந்த கூட்டம் அதுவரை அவர்கள் பார்த்திராத கூட்டம். தன் லைவிலும் வந்து ஒரு தடவை மன்னிப்புக் கேட்க முடியுமா என்று திருமலை பிறகு தனியாகக் கேட்டுப் பார்த்தார்.

பேஸ்புக் கம்பெனியிடமிருந்து விவரம் வந்து, எண்ணைத் தேடி ஆளைப் பிடிக்க மழைக்காலம் ஆகிவிட்டது. பட்டு ரசிகனின் பெயர் ஜெயச்சந்திரன். ஆரணிக்காரன்தான், நாலு தெரு தள்ளி வீடு. செய்யாறு பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எழுதியதுதான் அத்தனையும். நல்ல இஸ்திரி போட்ட சட்டையோடு, சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். லாவண்யாவை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சும்மா டைம் பாஸுக்குதான் மேடம் எழுதினேன்" என்று அகல்யாவிடம் சொன்னான்.

பாலமுருகன் தன் மனசுக்குள் ஆறடியும் மீசையுமாக ஒருவனை வெட்டிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் வெட்டத் தோன்றவில்லை. எழுந்து ஒரு அறை விடலாமா என்று மட்டும் தோன்றியது. லாவண்யா கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்குப் பதிவாகி, ஜெயச்சந்திரன் ஜாமீனில் வந்த பிறகு, ஒரு நாள் அவனுடைய அப்பா பச்சையப்பன் கடைக்கு வந்தார். தறிக்காரர். உள்ளே வரச் சொன்னதும் வந்து, உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றார். லாவண்யா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"பையன் கெட்டவன் இல்லைம்மா. கைல போனு வந்ததுலருந்துதான் இப்படி. வேலை போயிடுச்சு. நீ மனசு வெச்சி கேஸை வாபஸ் வாங்கினா..."

"போனு எங்க வீட்லயும் இருக்குதுங்க" என்றாள் லாவண்யா. "காபி ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க பெரியவரே. நீங்க எப்ப வந்தாலும் இந்த வீட்ல காபி உண்டு. ஆனா எத்தினி பேர் போன்ல இன்னா இன்னா கேட்டாங்கன்னு உங்க முன்னாடி என்னால சொல்ல முடியாது. கோர்ட்ல சொல்லணும்னா சொல்லுவேன். கேஸு நடக்கட்டும். தப்புன்னு எழுதி யாராவது கையெழுத்துப் போடட்டும்."

பச்சையப்பன் டம்ளரைக் கழுவி வைக்கப் போனார். லாவண்யா அவரைத் தடுத்து அதை வாங்கிக்கொண்டாள். அவர் தெருமுனை திரும்பும்வரை பாலமுருகன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாவமா இல்லை உனக்கு?"

"பாவமாத்தான் இருக்குது" என்றாள் அவள். "இருந்தா?"

யோசித்துப் பார்த்ததில், அவள் சொன்னது சரி என்றுதான் அவனுக்குப் பட்டது.

நீதிமன்றத்தில் பாலமுருகன் சாட்சி சொன்ன நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் அவனைப் பிழிந்தெடுத்தார். எதற்காகப் பொய்ப்பெயர், ஏன் அழித்தீர், மனைவிக்குத் தெரியாமல் என்னென்ன செய்தீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொண்டான். முடித்து வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வழக்கு தள்ளிப்போனது; அடுத்த முறை லாவண்யா சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

வேப்பமரத்தடியில் கொய்யாப்பழக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த லாவண்யா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா கேட்டாரு வக்கீலு?"

எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "உன்னையும் இப்படித்தான் கேப்பாரு. தாங்குவியா?" என்றான்.

"அவ்ளோதானா கேட்டாரு?" என்றாள் அவள், பழத்தில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தபடி. "வரச் சொல்லுங்க அவரை. நான் பேச ஆரம்பிச்சா ஜட்ஜய்யாவே சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வெப்பாரு."